பழக்க தோஷம்

ஜூன் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். பள்ளிக்கூடத்து எண்ணுக்கு அடித்தால், "தலைமை ஆசிரியை வகுப்புல இருக்காங்க" என்று யாரோ சொல்கிறார்கள். அந்த யாரோ நீதான் என்று எனக்குத் தெரியாதா? மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் ஆள் மாறிவிடுமாக்கும்! சரி, கடிதம் என்றால் பிரித்துப் படிப்பாய், திட்டுவதற்காவது படிப்பாய் என்று எழுதுகிறேன்.

நடந்தது தப்புதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எப்படி நடந்தது என்று கேள். திங்கட்கிழமை மனு நாள். காலையிலிருந்து வரிசை தெருமுனை வரை நிற்கிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை, ஓய்வூதியம் வரவில்லை, மகன் பேச மாட்டேன் என்கிறான், எல்லா மனுவும் என்னிடம்தான். குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றிலும் எந்தத் துறைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கை மனுவை நீட்டியது. வாங்கினேன். "ஆவன செய்யப்படும்மா. அடுத்து யாரு?" என்றேன். முகத்தைப் பார்க்கவில்லை. என் உதவியாளர் காதருகே வந்து, "அம்மா, போறது உங்க தங்கச்சி" என்று சொன்னபோது நீ வாசலைத் தாண்டியிருந்தாய். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடிவந்தேன். அதற்குள் படகுத்துறை பஸ் கிளம்பிவிட்டது.

இது பழக்க தோஷமடி, வேறொன்றும் இல்லை. ஏழு தடவை ஜெயித்து இத்தனை வருஷம் இதே வேலையாக இருந்தால் வாய் தானாக ஓடும். உனக்கு ஒரு கூத்து சொல்கிறேன், சிரித்தாவது தொலை. கட்சி தோற்று நாங்கள் எதிர்வரிசைக்குப் போன முதல் நாள், நான் நேரே நடந்து போய் ஆளுங்கட்சிப் பக்கத்தில் என் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பேப்பரை எல்லாம் பரப்பியாகிவிட்டது. புது உறுப்பினர் ஒருவர் வந்து நின்று, "அம்மா, இது என் இடம்" என்றார். "தம்பி, நீங்க தப்பா வந்துட்டீங்க, அந்தப் பக்கம் போங்க" என்றேன். பாவம், அவரும் பயந்துகொண்டு எதிர்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்! சபாநாயகர் சிரிப்பை அடக்க முடியாமல் மணியை அடித்தார்.

அந்த மாதிரிதான் இதுவும். நம் கறை மக்கள் எல்லாரையும் கேட்டதாகச் சொல். போனை எடு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 16

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பிழை திருத்தித் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். 'நம் கறை மக்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆற்றுக்கு இருப்பது இடையின 'ர', கரை. வல்லின 'ற' போட்டால் துணியில் படிகிற அழுக்கு. ஒருவேளை தாங்கள் அதைத்தான் சொல்ல வந்தீர்களோ என்னவோ. எங்களைத் தாங்கள் அப்படித்தானே நடத்துகிறீர்கள்.

நான் ஏன் வரிசையில் வந்து நின்றேன் என்று தாங்கள் கேட்கவே இல்லை. சொல்கிறேன். வீட்டுக்கு வந்து அக்கா என்று கேட்டால், "நம்ம கரைக்குக் கடைசியாத்தான்டி" என்பீர்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக அதையேதான் சொல்கிறீர்கள். சொந்தக்காரி என்பதால்தானே கடைசி? எல்லாரையும் போல வரிசையில் வந்தால் பொதுமக்களில் ஒருத்தியாகவாவது நடத்துவீர்கள் என்று நினைத்தேன். நடத்தினீர்கள். "ஆவன செய்யப்படும், அடுத்து யாரு?"

தொகுதியில் யாருக்குத்தான் பாலம் கட்டித் தரவில்லை? மேலூர்க்காரர்களுக்குப் பாலம். கல்லுடைக்கிற இடத்துக்குப் பாலம். ஆறே இல்லாத ஊரில் ஓர் ஓடையைத் தேடிப் பிடித்து அதற்கும் ஒரு பாலம். நம் பிறந்த வீட்டுக்கு முன்னால் ஓடுகிற ஆற்றை மட்டும் இன்றைக்கும் படகில்தான் கடக்கிறோம். ஊருக்கெல்லாம் விளக்கு, உள்வீட்டில் இருட்டு.

எனக்காகக் கேட்கவில்லை. எனக்கென்ன, நீந்தக்கூடத் தெரியும். என் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு அக்கரைக்குப் போக வேண்டும். "மழைக்காலத்துல பொட்டப் புள்ளைய படகுல அனுப்பிட்டு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கணுமா டீச்சர்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஆண் பிள்ளைகள் போகிறார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். இந்த வருஷம் நின்ற நாலு பேரில் ஒருத்தியை நாங்கள் கணக்குப்புலி என்று கூப்பிடுவோம். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். அந்தப் புலி இப்போது அவள் அத்தை கடையில் முட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறது.

பாலம் வருகிற வரைக்கும் நான் தங்கள் போனை எடுக்கப்போவதில்லை. கடிதம் எழுதலாம். போனில் பேச ஆரம்பித்தால் தாங்கள் சபாநாயகர் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டீர்கள்.

இப்படிக்கு,
பொதுமக்களில் ஒருத்தி


ஜூன் 30

அடி சின்னவளே,

நீ 'தாங்கள்' என்று எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நாலு அடி அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். தாங்களாம், தாங்கள்! எதிர்க்கட்சிக்காரன்கூட என்னை இவ்வளவு மரியாதையாக வைததில்லை.

கடைசி என்று ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். நீயும் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றாய். என் முதல் தேர்தல். எதிராளி மேடை ஏறி, "இந்தம்மாவை ஜெயிக்க வெச்சீங்கன்னா முதல் காரியமா தன் வீட்டு வாசலுக்குப் பாலம் போட்டுக்குவாங்க. உங்க ஊருக்கு நாமம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அதே மேடையில் ஏறிக் கத்தினேன்: "எங்க கரைக்குக் கடைசியாத்தான் செய்வேன்! உங்க எல்லாருக்கும் செஞ்சு முடிச்சப்புறம்தான் செய்வேன்!" என்ன கைதட்டல் அது! அந்தக் கைதட்டலில்தான் ஜெயித்தேன். அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும், "நம்ம அம்மா தன் ஊருக்குக்கூட இன்னும் செஞ்சுக்கலை" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கேட்டு எனக்கும் ருசி கண்டுவிட்டது. நிஜத்தைச் சொன்னால் அதுதான்.

கடைசி ஆள் என்று ஒருத்தர் இருந்தால்தானே நம் முறை வரும்? ஒரு ஊருக்குச் செய்து முடித்தால் இன்னொரு ஊர் வந்து நிற்கும். வரிசை முடியவே இல்லையடி.

இப்போது நாங்கள் எதிர்வரிசை. ஆட்சியில் இருந்தபோது ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். இன்றைக்கு நான் கேட்டால் நெடுஞ்சாலை அமைச்சர் பல்லைக் காட்டுவார். அவரை உனக்குத் தெரியும், நம் கட்சியில் இருந்து தாவிப் போனவர், சிரிப்பழகர் என்று பெயர். சபையில் முதல் தடவை பேசும்போது விக்கல் எடுத்தவருக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன். இப்போது அவர் வேளை.

இருந்தாலும் கேட்கிறேன். கேள்வி நேரத்தில், எல்லார் முன்னாலும், எங்கள் கரைக்குப் பாலம் வேண்டும் என்று கேட்கப்போகிறேன். இத்தனை வருஷத்தில் சபையில் கேட்டிராத கேள்வி. நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது, சொந்தக் கல்யாணத்துக்குத் தானே மாப்பிள்ளை கேட்டுப் போவது போல. கல்யாணமே செய்துகொள்ளாதவளுக்கு அதுவும் ஒரு அனுபவம் என்று வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தில் 'கரை' சரியாக இருக்கிறதா?

அக்கா


ஜூலை 10

உறுப்பினருக்கு,

கரை சரி. ஆனால் நீ 'ஆவன' என்ற சொல்லை இனி எனக்கு எழுதாதே. நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று என் மகன் சின்ன வயதில் சொன்னது நினைவிருக்கிறதா? மிட்டாய் கேட்டவனிடம் நீ விளையாட்டாக, "ஆவன செய்யப்படும்" என்றாய். அவன் என்னிடம் வந்து, "பெரியம்மா கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க" என்றான்.

கேள்வி கேட்பது என்று முடிவு பண்ணிவிட்டாய் அல்லவா, ஒழுங்காகக் கேள். 'அரசு அறியுமா' என்று ஆரம்பிக்காதே. அரசு எல்லாம் அறியும். 'முன்வருமா' என்றும் கேட்காதே. அவர் முன்வந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின்னால் போய்விடுவார். எந்த மாதம் தொடங்கும் என்று கேள். மாதத்தின் பெயரைச் சொல்லாமல் அவரை உட்கார விடாதே.

நேற்று மழை. படகு அக்கரையில் நின்றுவிட்டது. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவர நாங்கள் அக்கரைக்குப் போக வேண்டும். நானும் நாலு தாய்மார்களும் துறையில் நின்று கத்தினோம். படகுக்காரருக்கு நாளுக்கு நாள் காது மந்தம், எங்கள் சத்தம் பாதி ஆற்றிலேயே விழுந்துவிட்டது. அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன். கோபத்தோடுதான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சின்ன வயதில் படகைக் கூப்பிடுகிற வேலை உன்னுடையது. துறைக் கல்லில் ஏறி நின்று, தொண்டையைச் செருமி, வலது காதை இறுக்கிப் பொத்திக்கொண்டு, "ஓ படகுக்காரரே!" என்று ஒரு குரல் கொடுப்பாய். அக்கரையில் தூங்குகிற நாய்கூட எழுந்து நிற்கும். சபையில் உன்னை வெண்கலத் தொண்டை என்கிறார்களாம், மைக் கெட்டுப்போனாலும் உன் பேச்சு நிற்காதாம். அந்தத் தொண்டை எங்கே பழகியது? பாலம் இல்லாத கரையில்தானே? இந்த ஆற்றுக்கு நீ பட்ட கடன் அது.

கேட்டுவிட்டு எழுது.

சின்னவள்


ஆகஸ்ட் 2

சின்னவளே,

கேட்டுவிட்டேன். நீ சொன்ன மாதிரியே 'எந்த மாதம்' என்று கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சிரிப்பழகர் எழுந்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார், சிரித்தார். "மாண்புமிகு உறுப்பினர் ஏழு தடவை ஜெயிச்சும் கேட்காத பாலத்தை இன்னைக்குக் கேட்கிறாங்க. நான் தயார்! ஆனா இந்த மாசம் இருபத்தொண்ணாம் தேதி என் துறைக்கு மானியம் கேட்கப்போறேன். அதுக்கு அவங்க கட்சி மொத்தமா 'இல்லை'ன்னு சொல்லப்போகுது. பணமே கொடுக்காதேங்கறவங்களுக்குப் பாலம் மட்டும் எதுக்கு? அன்னைக்கு அவங்க வாயால 'ஆம்'னு சொல்லட்டும். அடுத்த மாசமே ஆரம்பிக்கிறேன்" என்றார். மேசையைத் தட்டினார்கள் பார், பலகை உடைந்திருக்கும்.

அவருக்கு நன்றாகத் தெரியும், நான் சொல்ல முடியாது. ஒவ்வொரு துறையும் வருஷச் செலவுக்குச் சபையிடம் பணம் கேட்கும்போது ஆளுங்கட்சி 'ஆம்' என்று கத்தும், நாங்கள் 'இல்லை' என்று கத்துவோம். யார் என்ன சொன்னார்கள் என்று பேர் எழுத மாட்டார்கள், சத்தத்தை வைத்துத்தான் தீர்ப்பு. ஆனால் என் சத்தத்துக்குப் பேர் எழுத வேண்டுமா என்ன?

மத்தியானம் எங்கள் கட்சிக் கொறடா என் அறைக்கு வந்தார். உறுப்பினர்கள் எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறவர் அவர்தான். உட்காரவே இல்லை. "அம்மா, அவன் சும்மா சீண்டிப் பாக்குறான். நீங்க சத்தமா ஒரு 'இல்லை' சொல்லி அவன் வாயை அடைச்சிடுங்க. தேர்தல் வருது, வேட்பாளர் பட்டியல் தயாராகுது. மேலே எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க" என்றார். மிரட்டலா, பாசமா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி பேசுவதில் மனுஷர் கெட்டிக்காரர்.

எட்டாவது தடவையும் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. உன்னிடம் மறைப்பானேன்? எனக்கு அந்தச் சபையை விட்டால் போக இடம் இல்லை. அங்கே எந்தப் படி வழுக்கும், எந்த மின்விசிறி சத்தம் போடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கட்சி உத்தரவை மீறி ஒருத்தி 'ஆம்' என்றால் அடுத்த நாளே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. சும்மா எழுதினேன்.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

சும்மா எழுதினாயா? இவ்வளவையும் எழுதிவிட்டுச் சும்மாவாம்.

'இல்லை' என்றே சொல். நன்றாகக் காதில் வாங்கிக்கொள்: இல்லை. நான் பாலம் கேட்டேன், உன்னைப் பலி கேட்கவில்லை. அந்தச் சிரிப்பழகர் வைத்த பொறியில் போய் மாட்டிக்கொள்ளாதே. கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்கு மாதிரி நான் இத்தனை வருஷம் காத்திருந்தாயிற்று. இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் குடல் ஒன்றும் வற்றிவிடாது. இந்த அமைச்சர் போனால் இன்னொருவர் வருவார்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது. அது வேறு, இது வேறு. சீட்டை விட்டுவிட்டு வந்து, "உன்னாலதான்டி போச்சு" என்று நீ வாய்விட்டுச் சொல்ல மாட்டாய். ஆனால் சாப்பிடும்போது பெருமூச்சு விடுவாய். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியாது.

சின்னவள்


ஆகஸ்ட் 22

சின்னவளே,

ஒரு தப்பு நடந்துவிட்டது. பேப்பரில் பார்த்திருப்பாய், இருந்தாலும் நானே எழுதிவிடுகிறேன்.

நேற்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாக்கெடுப்பு. சபை அரைத் தூக்கத்தில் இருந்தது. சபாநாயகர், "ஏற்போர் 'ஆம்' என்க" என்றார். ஆளுங்கட்சிக்காரர்கள் கொட்டாவியோடு கொட்டாவியாக 'ஆம்' என்றார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே எதிர்வரிசையில் இருந்து ஒரு 'ஆம்' வந்தது. என்னுடையது. மைக் கூட இல்லை. மேலே மாடத்தில் உட்கார்ந்திருந்த புறா இரண்டும் பறந்துவிட்டன.

சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது எந்தப் பக்கத்து ஆம்?" என்று கேட்டார். அவ்வளவுதான், சபையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அம்மா இன்னும் ஆட்சியில இருக்கறதா நெனச்சுட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். கொறடா தலையில் கைவைத்துக்கொண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு, ஐயையோ என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் சிரிப்பழகரைப் பார்க்க வேண்டுமே! நேற்றைக்குத்தான் அந்த முகத்தில் சிரிப்பைக் காணோம். அவர் கட்சிக்காரர்களே, "ஆம்னு சொல்லிட்டாங்கல்ல, கட்டிக் குடுங்க, கட்டிக் குடுங்க!" என்று மேசையைத் தட்டினார்கள். வேறு வழி? எழுந்து, "வாய் தவறி வந்தாலும் ஆம் ஆம்தான். சொன்ன சொல்லைக் காப்பாத்துவேன்" என்றார். செப்டம்பர் என்று மாதத்தின் பெயரையும் சொன்னார். சபைக்குறிப்பில் ஏறிவிட்டது, இனி அழிக்க முடியாது.

கட்சி என்னிடம் விளக்கம் கேட்டது. எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'பல ஆண்டுகள் ஆளும் வரிசையில் இருந்து ஆம் என்றே சொல்லி வந்ததால் நேர்ந்த பழக்க தோஷம். வருந்துகிறேன்.' அந்த நாற்காலிக் கூத்தைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்களே, நம்பிவிட்டார்கள். யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? நீயும் நம்பு. வேறு விதமாக யாரிடமும் பேசிக்கொண்டு திரியாதே.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

பழக்க தோஷமா? யாரிடம் விடுகிறாய்?

செய்தியில் அதை மூன்று தடவை காட்டினார்கள். நான் மூன்று தடவையும் பார்த்தேன். சபாநாயகர் 'ஏற்போர்' என்று ஆரம்பிக்கும்போதே நீ தொண்டையைச் செருமுகிறாய். 'ஆம் என்க' என்று அவர் முடிக்கும்போது உன் வலது கை மேலே போகிறது. வலது காதை இறுக்கிப் பொத்திக்கொள்கிறாய். அதற்கு அப்புறம்தான் ஆம் வருகிறது. வாய் தவறுகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு தவறுவார்களா அக்கா?

கொறடாவுக்கு அது தெரியாது. உன் கட்சித் தலைவருக்கும் தெரியாது. படகுத்துறையில் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குத் தெரியும். நான் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "என்ன டீச்சர், யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "எங்க அக்கா படகைக் கூப்பிட்டுட்டா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

'இல்லை' என்று சொல்லத்தானே சொன்னேன்? சின்ன வயதிலிருந்தே நான் சொன்ன ஒன்றையாவது கேட்டிருக்கிறாயா நீ! எனக்குப் பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

யாரிடமும் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' என்று சொல்வதை விட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு 'ஆம்' என்று அலறுகிறார்கள். அதை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை.

இன்று காலையில் அளவெடுக்கிறவர்கள் வந்தார்கள். துறைக்குப் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். இனி போன் பண்ணு, எடுக்கிறேன்.

உன் சின்னவள்


ஜனவரி 27

சின்னவளே,

போனில் சொன்னால் குரல் காட்டிக் கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

பட்டியல் வந்துவிட்டது. என் பேர் இல்லை. தலைவர் என்னைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க மேல எனக்கு வருத்தமே இல்லம்மா. ஆனா வயசாயிடுச்சு, வாய் தவறுது. பாவம், இனிமேலாவது ஓய்வெடுங்க." நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, நானே எழுதிக் கொடுத்த காரணம் திரும்பி வந்து என் கன்னத்திலேயே அறைந்தது. இல்லை ஐயா, தெரிந்துதான் சொன்னேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் கட்சியை விட்டே போக வேண்டும். அதோடு, கட்சியை விற்று வாங்கிய பாலம் என்று பேரும் வந்துவிடும். விழுங்கிவிட்டேன்.

இடம் யாருக்குத் தெரியுமா? என் உதவியாளருக்கு. அன்றைக்கு, "போறது உங்க தங்கச்சி" என்று காதில் சொன்னவருக்கு. என் காலைத் தொட வந்தவரைத் தடுத்து, "மனு வாங்கும்போது மட்டும் தலையை நிமிர்த்திப் பாருங்க" என்றேன். நல்லவர், ஜெயிப்பார். அவருக்காக நானே தெருத்தெருவாகப் பேசுகிறேன்.

ஆனால் வலிக்கிறதடி. பொய் சொல்ல மாட்டேன். தலைநகரத்தில் என் விடுதி அறையைக் காலி பண்ணினேன். ஒரு பெட்டி, ஒரு குடை, ஒரு வெந்நீர்க் குடுவை, அவ்வளவுதான் என் ஏழு தேர்தலும். கடைசி நாள் சபையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், குரலே வரவில்லை. எனக்கு! சபாநாயகர் மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவை.

இனி திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

அக்கா


பிப்ரவரி 5

முன்னாள் ஆகப்போகிற மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு, ஒரு மனு.

ஐயையோ, மறுபடியும் 'தாங்கள்' என்று பயந்துவிடாதே. இது அன்பான மனு. ஆனால் மனு மனுதான், தலையை நிமிர்த்திப் படி.

ஆற்றில் முதல் தூண் தண்ணீருக்கு மேலே தலையைக் காட்டிவிட்டது. அதைப் பார்க்கவென்றே சாயங்காலத்தில் ஊரே கரையில் கூடுகிறது. வேலை முடிய இரண்டு மழைக்காலம் ஆகும் என்று பொறியாளர் சொல்கிறார். அதைக் கேட்டுவிட்டுக் கணக்குப்புலியின் அம்மா என்னிடம் வந்தாள். "ரெண்டு மழைதானே டீச்சர், கண்ணுக்குத் தூண் தெரியுதுல்ல, மனசைத் தேத்திக்கிறேன்" என்றாள். ஜூனில் மகளை அக்கரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறாள். மற்ற மூன்று வீட்டிலும் இதே பேச்சுதான். புலி இப்போது முட்டைக் கடையிலிருந்து தினமும் வந்து, ஒரு தூணுக்கு இத்தனை நாள் என்றால் மொத்தம் எத்தனை நாள் என்று எனக்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஆக, இன்னும் இரண்டு மழைக்காலம் படகுதான். படகுக்காரரின் காது இப்போது சுத்தமாகப் போய்விட்டது. என் குரல் எட்டாது. பிள்ளைகள் போகவும் வரவும் தினமும் அவரைக் கூப்பிட்டு எழுப்ப ஓர் ஆள் வேண்டும். முன் அனுபவம் அவசியம். சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்க இடமும் உண்டு, நம் பழைய அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை விடுமுறை இல்லை. பாலம் திறந்த பிறகும் வேலை நீடிக்கும். என்ன வேலை என்று அப்போது சொல்கிறேன்.

நீ பெருமூச்சு விட்டால் விடு. கேட்டுக்கொண்டு உட்காரப் பழகிவிட்டேன்.

வருவாயா? ஆவன செய்யப்படும் என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

உன் சின்னவள்


பிப்ரவரி 11

சின்னவளே,

ஆம்.

இன்றைக்கும் வாய் தவறவில்லை.

அக்கா